வாட்ச் கிடைக்காத கோஷ்டி

குஞ்சிதபாதத்துக்குச் சர்க்கரை இருந்தது, ரத்தக்கொதிப்பு இருந்தது, கூத்தாநல்லூர் சாலையோரம் ஒரு வேலி நிலம் இருந்தது. வாட்ச் மட்டும் இல்லை.

வாட்ச் பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் இருந்தது.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு டிஜிட்டல் கருவி எவ்வளவு உதவுகிறது என்று அளக்க, பல்கலைக்கழகத்திலிருந்து குந்தவை என்ற பெண் வந்திருந்தாள். ஊரில் தனியாக இருந்த ஏழெட்டுப் பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். ஒரு கோஷ்டிக்கு வாட்ச். இன்னொரு கோஷ்டிக்கு மாதாமாதம் கேள்விகள் மட்டும். குஞ்சிதபாதம் கேள்விக் கோஷ்டி.

பக்கிரியின் அப்பா, குஞ்சிதபாதத்தின் அப்பாவிடம் பண்ணையில் வேலை பார்த்தவர். பக்கிரி சொந்த நிலம் வாங்கியபோது குஞ்சிதபாதம் பொறுத்துக்கொண்டார். மெயின் ரோட்டில் தம் வீட்டை ஒட்டியே மாடி வீடு கட்டியபோதும் பொறுத்துக்கொண்டார். பெருந்தன்மை.

ஆனால் அந்த வாட்ச் பேசியது. "பக்கிரி ஐயா, மாத்திரை நேரம்" என்றது. "பக்கிரி ஐயா, கொஞ்சம் நடக்கலாமா?" என்றது. பக்கிரி சற்று அசையாமல் உட்கார்ந்தால் சிங்கப்பூரில் மணி அடிக்கும்; நர்ஸாக இருக்கும் மகள் அறிவுமதி உடனே போன் செய்வாள். குஞ்சிதபாதத்தின் மகன் சூர்யபிரகாஷ் தீபாவளிக்கு டல்லாஸிலிருந்து வாட்ஸப்பில் ஒரு விளக்குப் படம் அனுப்புவான். பொங்கலுக்கும் அதே விளக்குதான்.

டீக்கடையில் கேட்டே விட்டார். "ஏம்ப்பா, குளிக்கும்போதாவது கழட்டுவியா?"

"கழட்டினா மவ கோவிச்சுக்கும் சார்."

அந்த 'சார்' வேறு. முன்பெல்லாம் பக்கிரியின் வாயில் 'ஐயா' என்றுதான் வரும். இப்போது அதை வாட்ச் வாங்கிக்கொண்டுவிட்டது.

அடுத்த முறை குந்தவை வந்தபோது விசாரித்தார். "வாட்சால பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சா என்னம்மா செய்வீங்க?"

"வாட்ச் இல்லாதவங்களும் அதே அளவு நல்லா இருந்தா, திட்டத்தை முடிச்சு வாட்சைத் திருப்பி வாங்கிடுவோம் தாத்தா."

குஞ்சிதபாதத்துக்கு அன்றுதான் ஒரு லட்சியம் பிறந்தது.

பக்கிரி ஆற்றங்கரையில் மதகுவரை நடந்தால், இவர் மதகைத் தாண்டி நடந்தார். சமையலுக்கு வந்த ஈஸ்வரியை நிறுத்தினார். தானே ரசம் வைத்தார். தைரியமாகத் தானே குடித்தார். கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டினார். சர்க்கரை இறங்கியது. வயிற்றெரிச்சல் இறங்கவில்லை.

கடைசிக் கேள்விகளோடு வந்த குந்தவை அசந்துபோனாள். பதில் சொல்ல வந்த பக்கிரி பக்கத்து நாற்காலியில் காத்திருந்தார்.

"உங்க ஒருத்தராலேயே உங்க கோஷ்டி சராசரி ஏறிடுச்சு தாத்தா. ஒரே ஒரு கேள்வி. வாட்ச் கட்டினவங்க யாரையாவது பார்த்து உங்க பழக்கத்தை மாத்திக்கிட்டீங்களா? ஆமான்னா, உங்க மார்க்கைச் சேர்க்க முடியாது."

"சார் என்னைப் பார்த்துத்தாம்மா நடந்தாரு" என்று பக்கிரி சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் வாட்ச் அந்தக் கையிலேயே இருக்கும். அது கிடக்கட்டும், பக்கிரியைப் பார்த்து நடந்ததாக ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

"இவனைப் பார்த்தா? நானா?" என்றார் குஞ்சிதபாதம். "இல்லைன்னு போட்டுக்கம்மா."

போட்டுக்கொண்டாள். சில நாளில், வாட்சால் பெரிய பலன் இல்லை என்று முடிவாயிற்று. பக்கிரி தன் வீட்டு வாசலில் வாட்ச் வாரைக் கழற்றிக் கொடுப்பதை ஜன்னல் வழியாக, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் முகத்தோடு குஞ்சிதபாதம் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். சூர்யபிரகாஷ்தான் என்று ஓடிப்போய் எடுத்தார்.

"சார், அறிவுமதி பேசறேன். வாட்ச் இல்லாம அப்பா எழுந்தாரா இல்லையான்னே தெரியல. போனையும் எடுக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் இப்ப நல்லா நடமாடறீங்களாமே, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். மாத்திரையும் போட்டாரான்னு கேட்டுடுங்க சார்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். சிங்கப்பூர் லைனில் காத்திருந்தது. மதில்சுவரோரம் போனார்.

"பக்கிரி, மாத்திரை போட்டியா?"

"போட்டேன் சார்."

"சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டுத்தான்."

அப்படியே போனில் ஒப்பித்தார். "தேங்க்ஸ் சார். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

பக்கிரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா கேளுங்க சார். வாட்ச் இப்படி அதட்டாது."