முகப்புப் பூச்சு

வீட்டின் முகப்பைப் பூசாமல் விட்டது காசில்லாமல் அல்ல, திமிரில். மாதனூரில் ரோட்டோரமாக வீடு கட்டியபோது உள்ளே எல்லாம் பூசித் தரை போட்டு, முன்பக்கத்தை மட்டும் வெறும் செங்கல்லாக விட்டேன். எங்கள் பக்கத்தில் வெளியே பெயிண்ட் அடித்தால் அது கல்யாண வீடு. கேட்டவர்களிடமெல்லாம், என் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் மொகப்பு பூசுவேன் என்று பீற்றிக்கொண்டேன். என் மகள் தமிழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்தக் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது, நான் இல்லாமல். ஷூ கம்பெனியில் கூட வேலை செய்த தானியேலைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமானவன், அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் பெத்த அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இந்தப் படியை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. காலை ஏழு மணிக்கு அவள் போகும் கம்பெனி பஸ் என் வீட்டைத் தாண்டித்தான் போகும். அந்த நேரம் பார்த்து நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் பஸ்ஸுக்குப் பயந்து கொல்லையில் நிற்பான்? வீட்டை விற்றுவிட்டு நாட்றம்பள்ளியில் என் தம்பி பக்கம் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். என் மனைவி சம்பூர்ணம் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

வாங்க வந்தவர்கள் ஒருவரும் காரை விட்டு இறங்கவில்லை. செங்கல்லைப் பார்த்துவிட்டு, பாதியில் நின்றுபோன வீடு என்று அப்படியே திரும்பினார்கள். புரோக்கர் சத்தார் பாய் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே அரண்மனையாக இருந்தாலும் முகப்பைப் பார்த்துத்தானே ஆள் இறங்குவான் என்று, முன்பக்கம் பூசி பெயிண்ட் அடிக்கச் சொன்னார். கேட்டுக்குக் கறுப்பு, வாசலில் இரண்டு பூந்தொட்டி. ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன். விற்றுவிட்டுப் போகிறவனுக்கு ஊர் என்ன, உலகம் என்ன என்று உடனே ஆளைக் கூப்பிட்டேன்.

சாரம் கட்டிய அன்றே விசாரணை ஆரம்பித்தது. இன்னா விசேஷம், பொண்ணைச் சேத்துக்கினியா என்று டீக்கடையில் ஒருவன் கேட்க, டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். பத்து நாளில் வேலை முடிந்தது. இளமஞ்சளில் வீடு பளிச்சென்று நின்றது. இத்தனை வருஷம் இந்த அழகை நாமே கெடுத்து வைத்திருந்தோமே என்று வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிவருவதாகச் சத்தார் பாய் சொல்லியிருந்தார். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

தமிழினி நின்றிருந்தாள். பட்டுப்புடவை. கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், வெற்றிலை பாக்கு. தானியேல் ரோட்டிலேயே பைக்கைப் பிடித்துக்கொண்டு, வரலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ்லேர்ந்து தெனம் பாத்தேம்பா. சாரம் கட்டனதுமே எனக்கு அழுகை வந்துட்ச்சி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்காகத்தானேப்பா?" என்று கேட்டாள்.

ஆமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அதை முந்திக்கொண்டு மூன்று வருஷ ரோஷம் வந்துவிட்டது.

"விக்கறதுக்கு அடிச்சேன். வாங்கறவங்க வர்ற நேரம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் உடைந்திருப்பேன். சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"நல்லா இருக்குதுப்பா. சீக்கிரம் வித்துடும்."

தாம்பாளத்தைக் கீழே வைப்பதா, எடுத்துப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு எடுத்துக்கொண்டே போய்விட்டாள். சம்பூர்ணம் சமையல் கையோடு ஓடிவந்து கேட்டைப் பிடித்தபோது பைக் கிளம்பிவிட்டிருந்தது.

அரை மணி நேரத்தில் சத்தார் பாய் கூட்டிவந்தவர்கள் முதல் தடவையாகக் காரை விட்டு இறங்கினார்கள். முகப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். நான் தலையாட்டினேன்.

அவர்கள் போனதும் சம்பூர்ணம் என் எதிரில் வந்து நின்றாள்.

"ஆமான்னு ஒரு பொய் சொல்லியிருந்தா எம் பொண்ணு உள்ள வந்திருப்பா. அதுக்குக்கூடவா உனக்கு வாய் வரல?"

அடிப் பாவி, அது பொய்யாகவா இருந்திருக்கும்? அவள் ஒரு கால் உள்ளே வைத்திருந்தால் இந்த வீட்டை நான் யாருக்கு விற்றிருப்பேன்?