அரக்கு வைத்த மூடி

காவாந்தண்டலம் சாலையில் அம்பாசிடர் இரண்டு முறை விக்கி, குலுங்கி, நின்றுவிட்டது. வீராசாமி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடிக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மெக்கானிக் கலைச்செல்வன் இன்றைக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

உத்திரமேரூரில் அவன் ஷெட்டுக்குப் போனால் மட்டும் இந்த வண்டி பரம சாது. பிளக், பாயின்ட், பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் படுத்துக்கொள்ளும். ஆற அமர நின்றுவிட்டுத் தானாகக் கிளம்பும். வண்டியில் கோளாறில்லை, வீராசாமி வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று முதலாளி பஞ்சாட்சரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷ வேலை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது.

கலைச்செல்வன் இறங்கிக் குழாயைக் கழற்றிப் பார்த்தான். "பெட்ரோலே வரலண்ணே."

"டேங்க் நெறைய கீது. நேத்து ஊத்தி, நானே அரக்கு வெச்சேன்," என்றார் பின்சீட்டிலிருந்த பஞ்சாட்சரம்.

களத்தில் நெல் குவியலை ஒருவரும் தொடாதபடி சாம்பலால் குறி போட்டுவிட்டுப் போகிற மனிதர் அவர். டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்று யாரோ ஓதியதும், டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டார். அதுவும் போதாமல், பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் மூடி முழுக்க அரக்கை உருக்கி ஊற்றி, மோதிரத்தால் முத்திரையும் வைத்தார்.

"எப்போலேர்ந்துங்க இது?" என்றான் கலைச்செல்வன்.

"பொங்கலுக்கு முன்னால."

"வண்டி மக்கர் பண்றதும் அப்போலேர்ந்துதான். தொறங்க."

அரக்கை உடைத்து மூடியைத் திருப்பியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. கலைச்செல்வன் குழாயைத் திரும்ப மாட்டியதும் வீராசாமி சாவியைத் திருப்பினான். கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"மூடியில சின்னதா ஒரு ஓட்டை கீதுங்க. அது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் வரும். அத்த அடைச்சிட்டுக் கீறீங்க."

வீராசாமிக்கு நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிற்று. "பாத்தீங்களா மொதலாளி? எம்மேல தப்பு இல்ல."

"இல்லதான். இன்னா பண்றது? எங்க மச்சான் ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு டிரைவர் வேலைக்கு நேத்து வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்துட்டேன். நாளைக்குக் காலைல வண்டி எடுக்க வரான். குடுத்த வாக்க எப்டி மாத்துறது, நீயே சொல்லு?"

பஞ்சாட்சரம் வாக்குத் தவறாதவர் என்று ஊரில் நல்ல பெயர். கலைச்செல்வன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஏரிப் பக்கம் பார்த்தான்.

"சரி, வூட்டுக்கு வுடு," என்றார் பஞ்சாட்சரம்.

வண்டி சிணுங்காமல் ஓடியது. இத்தனை நாளும் சீட்டு நுனியில் உட்கார்ந்து டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர், இன்று சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். மதகுக்கு முன்னால் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. வீராசாமி கியரைக் குறைத்து, அவர் தூக்கம் கலையாதபடி வண்டியை மெல்ல ஏற்றி இறக்கினான்.