டிஸ்ப்ரோசியத்தின் இடுப்பு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே படிகங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிறவள் அவளுடைய நாத்தனார். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. துறைத்தலைவர்கூட ஒரு கூட்டத்தில் வாய்தவறி "அண்ணி சொல்ற மாதிரி" என்று ஆரம்பித்து, இருமிச் சமாளித்தார்.

அந்தத் தலைவர்தான் இப்போது கெடு வைத்திருந்தார். இந்த முறையும் காந்தத்தன்மை நிலைத்து நிற்கவில்லையென்றால் டிஸ்ப்ரோசியம் என்ற இந்த உலோகத்தையே மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றார். அந்த உலோகத்தை வைத்துச் செய்யும் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னந்தனியாக ஒரு காந்தமாக நிற்பதைப் பார்த்துவிட வேண்டும், அண்ணியின் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

கேட்பதற்குச் சுலபம். டிஸ்ப்ரோசியத்தின் எலக்ட்ரான் மேகம் அமுக்கிய பந்து போலத் தட்டையாக இருக்கும். உலோகத்தைச் சூழ்ந்து பிணைந்துகொள்ளும் மூலக்கூறுகளான ஈனிகள் மேலிருந்தும் கீழிருந்தும் இறுக்கிப் பிடித்து, இடுப்பைச் சும்மா விட்டால், காந்தமுனை நிறுத்திய பக்கமே நிற்கும். இடுப்பில் யாராவது கைவைத்தால் போச்சு, சட்டென்று புரண்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

கைவைத்தது கரைப்பான். ஒவ்வொரு படிகத்திலும் அதன் ஆக்சிஜன் டிஸ்ப்ரோசியத்தின் இடுப்பில் அட்டைபோல் ஒட்டியிருந்தது. அண்ணியும் விடுவதாயில்லை. ஈனிக்குப் பெரிய அணுக்கிளை வைத்து வழியை அடைத்தாள். போதாதென்று அதைவிடப் பெரிய கிளை. கடைசியில் கிளைகளே ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, நேராக இருக்கவேண்டிய பிடி கோணலாகிவிட்டது. ஆக்சிஜனோ அந்தச் சந்திலும் புகுந்திருந்தது.

எக்ஸ்ரே அறையில் அந்தப் படத்தைப் பார்த்ததும், அழையா விருந்தாளி என்று அண்ணி அதைத் திட்டித் தீர்த்தாள். நாத்தனார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழையா விருந்தாளியா? நீங்கதானே அண்ணி பிளாஸ்க் நிறைய கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்க."

அண்ணிக்குச் சுருக்கென்றது. நாத்தனார் என்றால் நாத்தனார்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள். படி இறங்குவதற்குள் கோபம் ஆறிவிட்டது, சொன்னது உண்மையாயிற்றே. அந்தக் கரைப்பானில் எல்லாம் நொடியில் கரையும் என்று பழக்கதோஷத்தில் அதையே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜனே இல்லாத டொலுயீன் என்ற கரைப்பானில் அவை லேசில் கரையாது, நாள்கணக்கில் சூடாக்கிக் கலக்க வேண்டும். யாருக்குப் பொறுமை?

இப்போது பொறுமை வந்தது. ஆசை ஆசையாய் வடிவமைத்த பெரிய கிளையை மனசேயில்லாமல் தூக்கிப்போட்டாள். அளவான கிளை, டொலுயீன், மிதமான சூடு. காற்றுப் படாத பெட்டிக்குள் மஞ்சள் படிகங்கள் மெல்ல விளைந்தன. படத்தில் மேலும் கீழும் நேரான பிடி. இடுப்பில் ஒருவரும் இல்லை.

மிச்சம் காந்த அளவீடு, அதுவும் நாத்தனார் பொறுப்புதான். திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் வலுவான காந்தப்புலத்தைக் காட்டிவிட்டு, புலத்தைப் பூச்சியத்துக்கு இறக்கினாள். முந்தைய மாதிரிகளெல்லாம் இந்த இடத்தில்தான் தலைகுப்புற விழுந்திருந்தன. அண்ணிக்குத் திரையைப் பார்க்கத் தைரியமில்லை, நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"புலத்த எடுத்துட்டேன் அண்ணி. அப்படியே நிக்குது, விழல."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரையில் காந்தத்தின் வலுவைக் காட்டும் கோடு கீழே இறங்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. தலைவரைக் கூப்பிடவா என்று நாத்தனார் போனை எடுத்தாள். அண்ணி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் கூப்பிடலாம்மா. கொஞ்ச நேரம் நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."