தார்க்கோடு

முதிரையடிக் குடியேற்றத்தில் வெயில் கொளுத்தத் தொடங்கினால் இளையதம்பியின் தேத்தண்ணிக் கடையில் மழை தொடங்கிவிடும். பங்குனி சித்திரையில் வாய்க்காலில் ஒரு தவளைக்குக் கூடத் தண்ணீர் இராது. கடை வாங்கிலில் குந்தியிருப்பவர்களின் வாயிலோ ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் கரை புரண்டு ஓடும். ஊர்ப் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் புயல் சங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூரைக்குக் கிடுகு ஏற்ற ஆள் தேடிய நேரமெல்லாம் புருஷன்மார் அந்த வாங்கிலில்தான் அகப்பட்டார்கள் என்பதால் அந்தப் பெயரில் அன்பு கொஞ்சம் குறைவு.

சங்கத்துக்குத் தலைவர் அப்புத்துரை. நல்ல மனுஷன், வயல் செய்கிற கமக்காரன், யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பவர். ஆனால் வெள்ளக் கதை என்று வந்துவிட்டால் அவருக்கு வாயில் பூட்டுக் கிடையாது. தோளில் கிடக்கும் துவாயை எடுத்துச் சுழற்றிக் காற்று எப்படி வந்தது என்று காட்டுவார். அவருடைய கதையில் உலை வைத்த பானை சோற்றோடு மிதந்து போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. ஆடு ஒன்று புளியமரக் கவரில் ஏறிக் குட்டி போட்டது. கேட்பவர்களுக்கு இது பொய் என்று தெரியும். இருந்தாலும் தாங்களும் அந்த ஆட்டைக் கண்டதாகத்தான் சொல்வார்கள்.

"கோட்டளவுக்குத் தண்ணி நிண்டது. எங்கடை புத்துமண் சுவர் ஒண்டாவது கரைஞ்சுதோ? கேளுங்கோ!" என்று முடிப்பார். யாரும் கேட்பதில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். புற்றுமண் குழைத்து எழுப்பிய வீடுகள்தான் அந்தக் குடியேற்றம் முழுவதும். தங்கள் சுவரைப் பற்றிப் பெருமையாக ஒருவன் சொன்னால் எவன் மறுப்பான்?

சின்னராசா மட்டும் தலையாட்ட முடியாதவன். கரவெட்டியிலிருந்து காணி கிடைத்து அவன் வந்தபோது வெள்ளம் வடிந்து இரண்டு வருடம். அவன் ஏதும் சொல்ல வாயைத் திறந்தால் அப்புத்துரை கையைத் தூக்குவார். "தம்பி, நீ பாக்கேல்லை. பேசாமல் இரு." வாங்கில் முழுக்கச் சிரிக்கும். அவனும் சிரிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போகும் வழியில் முள்ளாய்க் குத்தும். தன் வயதுக்காரர் எல்லாரும் கண்ட ஒன்றைத் தான் காணவில்லையே என்று அவனுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. ஐப்பசி பிறந்தால் முல்லைத்தீவுப் பக்கம் கறுக்கிற முகிலைப் பார்த்தபடி வீட்டு வாசல் படலையில் நிற்பான். அடுத்த புயல் வரும், ஐம்பத்தேழை விழுங்குகிற மாதிரி வரும், அதை நான் முழுதாகப் பார்ப்பேன், அதற்குப் பிறகு இந்த வாங்கிலில் என் குரல்தான் கேட்கும். இப்படி ஒரு மனக்கணக்கு.

கோடு என்று அப்புத்துரை சொன்னது கடைச் சுவரில் இருந்தது. குடியேற்றத்தில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஒரே கட்டடம் இளையதம்பியின் கடை. வெள்ளம் வடிந்ததும் சேறு படிந்த மட்டத்தில் அவர் தாரால் ஒரு கோடு இழுத்துவிட்டார். அடுத்த தைப்பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தபோது கோடு மறைந்தது. ஞாபகத்தில் வைத்துத் திரும்ப இழுத்தார். "என்ன இளையதம்பி, தண்ணியைக் குறைச்சுப் போட்டாய்?" என்றார் அப்புத்துரை. நாலு விரல் ஏற்றி இழுத்தார் இளையதம்பி. யாவாரி அல்லவா, வாடிக்கைக்காரரோடு மல்லுக்கு நிற்பாரா? அதற்கு அடுத்த பொங்கலிலும் அப்படியே. ஒவ்வொரு வருடமும் வெள்ளை அடிப்பார்கள், ஒவ்வொரு வருடமும் யாராவது "இன்னும் கொஞ்சம் மேலை" என்பார்கள். கீழே என்று சொன்னவன் ஒருவனும் இல்லை. வெள்ளம் கடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சுவரில் ஏறிக்கொண்டே இருந்தது.

சின்னராசாவும் இதைக் கண்டான். பெரியவர்களுக்கு ஞாபகம் தெளிந்து வருகிறது என்று நம்பினான். நம்ப விரும்புகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அறுபத்துநாலாம் ஆண்டுப் பொங்கலுக்குத் தார் தோய்த்த தும்புத் தூரிகையை அவன் கையில் கொடுத்தார்கள். "இந்தமுறை தம்பி இழுக்கட்டும். இனி அவனும் எங்கடை ஆள்தானே." அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "மேலை பிடி, இன்னும் மேலை" என்றார்கள். நெஞ்சு மட்டத்தில் இழுத்தான். கறுப்பாய், நேராய், அழகாய் வந்தது. கடைக்கு எதிரேதான் அவன் வீடு. படலையில் நின்றால் கோடு கண்ணில் படும்.

சங்கத்துக்கு இடைக்கிடை வருகிறவர் மஹ்றூப் நானா. முல்லைத்தீவுக்காரர், லொறி வைத்து நெல் வாங்குபவர். ஒருநாள் அவர், தனக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் நாட்டில் பனி விழுந்து கதவு உயரத்துக்கு மூடிவிடுமாம் என்று சொன்னார். இராத்திரிப் படுக்கிறவன் காலையில் கதவைத் திறக்க ஏலாதாம். விழும்போது ஒரு சத்தமும் கேட்காதாம்.

"சத்தமில்லாமல் விழுறதுக்குப் பேர் புயலோ நானா?" என்று அப்புத்துரை தள்ளிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னராசாவுக்கு மட்டும் அந்தச் சத்தமில்லாத புயல் பிடிக்கவில்லை. 

அந்த வருட மார்கழியில் ரேடியோ வங்காள விரிகுடாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. ஆகாயம் செம்பு நிறத்தில் கிடந்தது. காகங்கள் பகலிலேயே மரத்தில் ஒடுங்கின. மாடுகள் மேயாமல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கடையில் சங்கம் கூடியது, ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒருவரும் கதைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். சின்னராசாவுக்கு அது விளங்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி அவன் முகம் இருந்தது.

"உங்கடை முகத்தைப் பாத்தால் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அருந்ததி. இடுப்பில் மூன்று வயது மகள் விமலேஸ்வரி. "மழை வருகுதெண்டு சிரிக்கிற ஆளை நான் இப்பதான் காணுறன்."

"வரட்டும், வரட்டும். ஒருக்கா வந்திட்டுப் போகட்டும்" என்றான்.

வந்தது. இரவு முழுவதும் ஊற்றிய மழை விடிந்தும் விடவில்லை. காற்று கிழக்கிலிருந்து வந்து வடக்குக்குத் திரும்பியது. மத்தியானத்துக்குள் வாய்க்கால் எது, றோட்டு எது என்று தெரியாமல் போயிற்று. சின்னராசா படலையில் நனைந்துகொண்டு நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தான். தண்ணீர் கடையின் படியைத் தொட்டிருந்தது. தார்க்கோடு எங்கேயோ மேலே கிடந்தது. அவனுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் சனம் போகத் தொடங்கியது. பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். இளையதம்பி கடையைப் பூட்டிவிட்டுப் பால் கேத்திலோடு போனார். புளியமரத்து ஆட்டைக் கண்ட அத்தனை பேரும் போனார்கள். முழங்கால் கூட நனையாத தண்ணீருக்கு!

"அம்பத்தேழைக் கண்ட ஆக்கள் இதுக்கே ஓடுறியளோ?" என்று சின்னராசா கூப்பிட்டுக் கேட்டான். சனம் நிற்காமல் போனது.

மஹ்றூப் நானாவின் லொறி சில்லு பாதி மூழ்க வந்து நின்றது. "நாயாத்தில கடல் மண்திட்டியைத் தாண்டீட்டுது. ஏறுங்க, பள்ளிக்கூடத்தில விட்டுட்டுப் போறன்" என்று கத்தினார். அருந்ததி துணிப் பொட்டளியோடும் பிள்ளையோடும் ஆயத்தமாக நின்றாள். ஒரு காலை மிதிபலகையில் வைத்தும்விட்டாள்.

"கோட்டைப் பார் அருந்ததி. இன்னும் எவ்வளவு கிடக்கு! அந்தளவு தண்ணிக்கே இஞ்சை ஒரு சுவர் விழேல்லை. என்ரை சொல்லிலை நம்பிக்கை இல்லையோ?"

அவள் கோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்து புயல் பார்த்தவன் என்று நாளைக்கு வாங்கிலில் சிரிப்பார்களே என்பதுதான் அவன் மனதில் இருந்தது. அதை அவள் அறிந்தாளோ என்னவோ. காலை எடுத்துக் கீழே வைத்தாள். "நீங்கள் வராமல் நான் போகேல்லை" என்றாள். லொறி போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்து தொடையைத் தொட்டது. அப்போது ஒரு தடியை ஊன்றிக்கொண்டு அப்புத்துரை வந்தார். தன் குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் திரும்பி வந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"தம்பி, வெளிக்கிடு. கெதியா வெளிக்கிடு."

"என்னண்ணை, நீங்களுமோ? கோட்டுக்கு இன்னும் முழத்துக்கு மேலை கிடக்கே."

"கோடு கிடக்கட்டும். நீ வா."

சின்னராசாவுக்கு அந்த நேரத்திலும் பழைய முள் குத்தியது. நேரே கேட்டான். "அண்ணை, ஒண்டைச் சொல்லுங்கோ. அம்பத்தேழிலை தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்ததோ, இல்லையோ?"

அப்புத்துரை எதிர்ச்சுவரைப் பார்த்தார். மழையில் தார் பளபளத்துக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. அருந்ததி வாசற்கம்பைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்ற ஒரு சொல்லுக்குத்தான் அங்கே மூன்று உயிர் காத்து நின்றது. ஏழு வருடம் துவாயைச் சுழற்றிச் சொன்ன கதையை அந்த மனுஷனால் ஒரு சொல்லில் விட முடியவில்லை.

"வந்தது... வந்ததுதான். எண்டாலும் தம்பி—"

"பேந்தென்ன! நீங்கள் போங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

 அப்புத்துரை தடியை ஊன்றித் திரும்பினார். போகிற வழியில் இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வரவில்லை.

காற்று அதற்குப் பிறகுதான் முழுதாக எழும்பியது. முதிரை மரங்கள் முறிகிற சத்தம் காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தது. கூரைக் கிடுகுகள் பிய்ந்து பறந்தன. சின்னராசா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான். தண்ணீர் இடுப்பில் நின்றது. பயம் இருந்தது, பொய் சொல்வானேன், பயத்தை விடச் சந்தோஷம்தான் கூட இருந்தது. இது தன்னுடைய புயல். இனி எவனும் நீ பாக்கேல்லை என்று சொல்ல முடியாது.

"பார் பிள்ளை, பார்! இதுதான் புயல்!"

"பிள்ளைக்குக் குளிருது, உள்ளுக்குக் கொண்டு வாங்கோ!" என்று அருந்ததி கத்தினாள். "இல்லாட்டி நில்லுங்கோ, போர்வையை எடுத்துக்கொண்டு வாறன்." சொன்னபடியே உள்ளே போனாள்.

அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தான். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண். இன்னும் ஒரு சாண் ஏறினால் ஐம்பத்தேழு. ஏறட்டும் என்று அவன் நினைத்தது உண்மை. அப்படி நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் பின்னால் தண்ணீர் ஒருமுறை அசைந்து வந்து அவன் முதுகில் மோதியது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பினான். வீட்டின் வாசற்பக்கச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. ஊறிய மண் அப்படியே கீழே அமர்ந்து, கூரையையும் வளைமரத்தையும் தனக்கு மேலே இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. போர்வையின் ஒரு முனை மட்டும் மேலே வந்து பரந்தது.

தண்ணீருக்கு மேலே தெரிந்த, மாடு கட்டும் கட்டையில் பிள்ளையை இருத்திவிட்டு வெறுங்கையால் மண்ணைத் தோண்டினான். தண்ணீருக்குள் மண்ணைத் தோண்டினால் என்ன வரும்? மண்தான் வந்தது. அவன் கூப்பிட்ட கூப்பாடு பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு அருந்ததியை எடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். குடியேற்றத்தில் முக்கால்வாசிச் சுவர்கள் கரைந்து கிடந்தன. ஆனால் அவற்றுக்குள் ஆட்கள் இருக்கவில்லை. செத்தது ஒருத்திதான். பந்தல் போட்டதும் பாடை கட்டியதும் அப்புத்துரை.  விமலேஸ்வரி போகிற வருகிறவரிடம் "அம்மா போர்வை எடுக்கப் போனவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இளையதம்பி கடையைத் திறந்த நாள் எல்லாரும் வந்து வாங்கிலில் குந்தினார்கள். வெள்ளக் கதையைத் தொடங்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. சின்னராசா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படலையால் வந்தான். "இரு தம்பி" என்று இடம் விட்டார்கள். அவன் இருக்கவில்லை. நேரே சுவரடிக்குப் போனான்.

சேறு படிந்த மட்டம் சுவரில் தெளிவாகத் தெரிந்தது. அவன் இடுப்பு அளவு. அதற்கு ஒரு சாண் மேலே அவன் கையால் இழுத்த தார்க்கோடு, ஒரு துளி சேறு படாமல், கறுப்பாய், நேராய் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"அப்புத்துரையண்ணை" என்றான். குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் அவர்கள் தாங்கியிருப்பார்கள். "இஞ்சை வாங்கோ. அம்பத்தேழிலை தண்ணி எதுமட்டும் வந்தது? ஒருக்காத் தொட்டுக் காட்டுங்கோ."

அப்புத்துரை எழும்பி வந்தார். தோளில் துவாய் இல்லை. சுவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். கோட்டுக்கும் வைக்கவில்லை, சேற்றுக்கும் வைக்கவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு நிலத்தில் முழந்தாளிட்டு, பக்கத்தில் நின்ற பிள்ளையின் இடுப்புக்கும் கீழே, சுவரில் விரலை வைத்தார்.