சப்பாத்துத் தட்டின் மேல்

இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள் மாலினி. கைகளின் மேல் துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று விரித்திருந்தது. தலைமுழுகிய ஈரம் இன்னும் கழுத்தில் இருந்தது. கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்து வந்த பத்மநாதன் அவளைக் கண்டதும் கேற்றடியில் நின்றுவிட்டார். ஹீத்ரோவிலிருந்து வீடுவரை ரயிலில் உட்கார்ந்து யோசித்து வைத்த வசனங்கள் எல்லாம் அந்த வெள்ளைத் துணியைக் கண்டதும் எங்கேயோ போய் ஒளித்துக்கொண்டன.

“தாங்கோ,” என்றாள்.

“முதல்லை உள்ளை போவம். குளிருது.”

“பெட்டிக்குள்ளையோ வைச்சிருக்கிறியள்?” அவள் குரல் உயர்ந்தது. “பிள்ளையைப் பெட்டிக்குள்ளை போட்டோ கொண்டந்தனீங்கள்?”

பெட்டியை மெல்லத் தனக்குப் பின்னால் நகர்த்தினார் மனிதர். உள்ளேயிருந்து மாலினியின் தங்கை கல்யாணி எட்டிப் பார்த்தாள். அத்தானின் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு அக்காவின் தோளைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பினாள். துணி மட்டும் கடைசிவரை மடிபடாமல் அப்படியே இருந்தது.

றொஷானி அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் படித்து, ஜப்பானுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போய், அங்கே கென்ஜி என்ற பொடியனைக் கட்டி ஒசாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தாள். போன கிழமைக்கு முந்தின கிழமை குளியலறையில் விழுந்தவள் எழும்பவில்லை. தலைக்குள் இரத்தம் உடைந்துவிட்டது என்றார்கள். மாலினியால் போக முடியாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரி மெஷினில் கிடந்தால்தான் அவளுக்கு உயிர். அதனால் குழாய் வேலை தவிர உலகத்தில் எதையுமே தனியாகச் செய்து பழகாத பத்மநாதன் தனியே விமானம் ஏறினார். புறப்படும்போது மாலினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எலும்பிலை ஒரு துண்டெண்டாலும் வாங்கிக்கொண்டு வாங்கோ. சவுத்எண்ட் கடல்லை கரைச்சாலாவது பிள்ளைக்கு ஒரு வழி கிடைக்கும்.” அஸ்தி கரைக்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு ஐயரோடும் கதைத்து வைத்திருந்தாள்.

ஜப்பானில் எரித்து முடிந்ததும் எலும்பைக் கையால் எடுக்க விடமாட்டார்கள். நீளமான குச்சிகளால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே துண்டைப் பிடித்துத் தூக்கிக் குடத்தில் இட வேண்டும். பத்மநாதனுக்கு ஜோடியாக வந்தவர் கென்ஜியின் தாய். நூடில்ஸையே முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிற மனிதருக்குத் தன் மகளின் எலும்பைக் குச்சியால் எடுக்கச் சொன்னால் கை என்ன செய்யும்? இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் அந்தக் கிழவி தன் மற்றக் கையால் இவருடைய மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார். துண்டு குடத்துக்குள் போய்ச் சேர்ந்த சத்தம் பீங்கான் கோப்பையில் சீனிக்கட்டி விழுந்த சத்தம் போல இருந்தது. கிழவியின் கை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவருடைய மணிக்கட்டிலேயே இருந்தது.

அன்றைக்கே கென்ஜியிடம் ஒரு துண்டு தரும்படி கேட்டார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். கென்ஜி பல்லிடுக்கால் மூச்சை உள்ளே இழுத்து, தலையைச் சரித்து, அம்மாவோடு கதைக்கிறேன் என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. கொடுக்க மனமில்லாதவர்கள்தான் இப்படி இழுத்தடிப்பார்கள் என்று பத்மநாதன் தானே தீர்ப்பெழுதிக்கொண்டார். இன்னொரு தரம் கேட்க மானம் விடவில்லை. மகளையே எடுத்துக்கொண்டவர்களிடம் அவளின் எலும்பை யாசிப்பதா என்று இரவெல்லாம் பாயில் புரண்டார்.

கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குக் கென்ஜி காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பத்மநாதன் விடியமுதல் எழும்பி, முகம் கழுவி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார். செத்த வீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. திரும்பி வருவேன் என்று செத்த வீட்டில் யார் சொல்வார்கள்? எங்கள் ஆட்கள் எல்லாம் கதிரையை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டு, யாருடைய முகத்தையும் பாராமல் நழுவிப் போகிறவர்கள்தானே. வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டில் கையை ஊன்றிச் சப்பாத்தைப் போட்டார். தட்டின் மேல் வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்ட சின்னப் பொதி ஒன்று இருந்தது. அந்த ஊரில் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் துணியில் சுற்றித்தான் வைப்பார்கள். அது விழுந்துவிடக் கூடாது என்று கவனமாக ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே போய், விமான நிலையத்துக்கு முதல் ரயிலைப் பிடித்தார்.

ஹீத்ரோவில் இறங்கி ஃபோனைப் போட்டபோதுதான் கென்ஜியின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

அம்மா நாலு மணிக்கே எழும்பி றொஷானியின் எலும்பில் உங்கள் பங்கைப் பிரித்துக் கட்டி வாசலில் வைத்திருந்தார் என்று முதல் செய்தி. வழியனுப்பும்போது கையில் கொடுக்க இருந்தோம், நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள் என்று இரண்டாவது. பொதியோடு விமான நிலையத்துக்கு வந்து தேடினேன், உங்கள் ஃபோன் வேலை செய்யவில்லை. மத்தியானம் கல்லறைச் சடங்கு, துறவி காத்துக்கொண்டிருக்கிறார், திரும்பிப் போகிறேன். கடைசிச் செய்தி சில மணி நேரம் கழித்து வந்திருந்தது. எங்கள் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் விளங்குகிறது. நீங்கள் வாங்க விரும்பாததைப் பிரித்து வைத்திருப்பது சரியில்லை, றொஷானி முழுமையாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னார்.

இதையெல்லாம் குசினி மேசையடியில் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல், பத்மநாதன் சொல்லி முடித்தார்.

“குடத்திலைதானே இருக்கும்?” என்றாள் கல்யாணி. “திரும்ப எடுக்க ஏலாதோ, அத்தான்?”

“அந்தப் பக்கத்திலை குடத்தோடை வைக்கிறேல்லையாம். கல்லறைக் கல்லைத் தூக்கி, கீழை மண்ணிலை கொட்டுறதாம். அவையின்ரை ஆக்கள் எல்லாரும் அதுக்குள்ளைதான் கிடக்கினம்.”

மாலினி மடியில் இருந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள். அழுவாள் என்று பத்மநாதன் காத்திருந்தார். அழுதிருந்தால் அவருக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ,” என்றாள் கடைசியில். “செத்த வீடு எண்டு பாத்துத்தானே சொல்லாமல் வந்தனீங்கள்? இல்லாட்டிக் கோவத்திலையோ?”

பத்மநாதன் வாயைத் திறந்தார். ஹீத்ரோவிலிருந்து முழு வழியும் இந்தக் கேள்வியைத்தான் அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“தெரியேல்லை, மாலினி.”

அவள் தலையை ஆட்டினாள். துணியைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வான் வருகிற நாள். கல்யாணி வேலைக்குப் போவதற்காக முன்னரே புறப்பட்டுவிட்டாள். பையை எடுத்தாள், அக்காவின் முதுகைத் தடவினாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். கதவு சாத்திய சத்தத்தில்தான் பத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார். வழக்கம்தான். ஆனாலும் அந்தச் சத்தம் அவருடைய நெஞ்சில் இடித்தது.

மாலினி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நாட்களில் இந்த நேரம் அவள் கையில் ஃபோன் இருக்கும், ஃபோனுக்குள் றொஷானி இருப்பாள். “அம்மா, இஞ்சையும் எங்கடை மாதிரித்தான்,” என்று முதன்முதல் கண்டுபிடித்துச் சொன்ன நாளில் அவள் சிறுபிள்ளை போலத் துள்ளியது பத்மநாதனுக்கு நினைவிருந்தது. “போறன் எண்டு சொல்லமாட்டினம். போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினம். இத்தேகிமாஸ்! நீங்களும் சொல்லுங்கோ பாப்பம்.” அன்றிலிருந்து வான் வருகிற நாளெல்லாம் தாய் வாசலில் நின்று அதைச் சொல்வாள். மகள் அங்கேயிருந்து அதற்குரிய பதிலைச் சொல்வாள். ‘போட்டு வாங்கோ’ என்று வீட்டில் நிற்கிறவர்கள் சொல்கிற பதில். தாயும் மகளும் சிரிப்பார்கள். தேத்தண்ணியோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிற பத்மநாதன், இதென்ன விளையாட்டு என்று ஒரு நாளும் காது கொடுத்தவரில்லை.

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. மாலினி கதவைத் திறந்தாள். ஒரு காலைப் படியில் வைத்தவள், திரும்பாமலே, வீட்டுக்குள் கேட்கச் சொன்னாள்.

“இத்தேகிமாஸ்.”

சொல்லிவிட்டு நின்றாள். பத்மநாதன் எழும்பி வாசலுக்கு வந்தார். ‘இ’ என்றுதான் மகள் சொல்கிற அந்தப் பதிலும் தொடங்கும் என்று மட்டும் ஞாபகம் வந்தது. நாக்கை மேலே வைத்துப் பார்த்தார், கீழே வைத்துப் பார்த்தார். தமிழில் ‘போட்டு வாரும்’ என்று சொல்லலாம் என்றால் இதுவும் இப்போது செத்த வீடு. மாலினி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி, தலையைச் சற்றே சரித்து, காத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தரமும் ஹோர்ன் அடித்தது. திறந்த கதவால் குளிர் உள்ளே வந்து, அவருடைய வெறுங்காலைச் சுற்றி, வீடு முழுக்கப் பரவத் தொடங்கியது.