நான்காவது சங்கிலி

கல்லறைத் திருநாள் என்பதால் ருட்னாவுக்கு வந்த பேருந்து முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். யாருடைய தொட்டி யாருடைய காலில் இடிக்கிறது என்று ஒரு சின்னச் சண்டைகூட நடந்து முடிந்திருந்தது. ரூஜெனா சண்டையில் சேரவில்லை. தன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவள் பூ வைக்க மட்டும் வரவில்லை. கணவனை அடக்கம் செய்ய வந்திருந்தாள்.

ஓல்டாவுக்கு முப்பத்தாறு வருடமாக ருட்னா கல்லறையில் இடம் உண்டு, கல் உண்டு, கல்லில் பெயரும் உண்டு. உள்ளேதான் ஒன்றுமில்லை. ஈயச் சுரங்கத்தின் கீழ்த்தளம் இடிந்து விழுந்த அன்று அவனும் இன்னும் மூன்று பேரும் ஏறி வரவில்லை. தோண்டப் போனால் இன்னும் நாலு பேர் போவார்கள் என்று சொல்லி அந்தப் பக்கத்தையே சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். ரூஜெனா நாலு வயது ரேனாட்டாவைத் தூக்கிக்கொண்டு பில்சனுக்குப் போனவள்தான். வருடத்துக்கு ஒருநாள் வருவாள், வெறும் மண்ணுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், போய்விடுவாள்.

போன மாதம் கமில் போன் செய்தான். உடை மாற்றும் கூடத்துக் கூரையைப் பிரிக்கப் போகிறார்களாம், சங்கிலிகளை எல்லாம் இறக்கியாக வேண்டுமாம்.

அந்தச் சுரங்கத்தில் உடுப்பு வைக்க அலமாரி கிடையாது. ஆளுக்கு ஒரு சங்கிலி கூரையிலிருந்து தொங்கும். காலையில் வீட்டு உடுப்பைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்துப் பூட்டிவிட்டு, வேலை உடுப்போடு கீழே போவார்கள். ஏறி வந்ததும் வேலை உடுப்பு கூரைக்குப் போகும், வீட்டு உடுப்பு இறங்கும். கீழே போகும்போது வாசல் பலகையிலிருந்து எடுத்துப்போன எண் போட்ட பித்தளை வில்லையையும் அதன் ஆணியில் திரும்ப மாட்டிவிடுவார்கள். ஏறி வராதவனின் சங்கிலியை மட்டும் யாரும் தொடக்கூடாது. அவன் வந்து தானே இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். சுரங்கத்தை மூடி, அதைக் காட்சிக்கூடமாக மாற்றி, உள்ளே போக டிக்கெட் போட்ட பிறகும் அந்த நான்கு சங்கிலிகளை யாரும் தொடவில்லை. அது ஆண்களின் கூடம். ரூஜெனா அன்றைக்கும் உள்ளே போனதில்லை, டிக்கெட் போட்ட பிறகு போகவும் மனம் வரவில்லை.

உடம்புதான் கிடைக்கவில்லை, கடைசியாக அவன் கழற்றி மாட்டிய சட்டையாவது மண்ணுக்குப் போகட்டும் என்று அவள் முடிவு செய்தாள். பாதிரியாரிடம் சொல்லியாயிற்று. ரேனாட்டா காரில் நேரே கல்லறைக்கு வந்துவிடுவாள். மூன்று மணிக்கு அடக்கம்.

காட்சிக்கூடத்துக் காவலாளி கமில், ஓல்டாவோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டான். வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான்.

"கடவுள் துணை," என்றான், சுரங்கக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கத்தை.

"துணை, துணை. இன்னும் அதே தொப்பியா? அதுக்கும் டிக்கெட் போட்டு காட்டலாமே."

"காட்டுறேனே. தொப்பிக்குக் கீழ இருக்கிறதுக்குத்தான் யாரும் காசு தர மாட்டேங்குறாங்க."

ரம் கலந்த தேநீர் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் மழை, ரேனாட்டாவின் பிள்ளைகள், தன் முட்டி வலி என்று எதையெதையோ பேசினான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நானே இறக்கி மடிச்சு வெச்சுட்டேன். நீ திறக்க வேணாம், ரூஜெனா. அப்படியே கொண்டுபோய் வெச்சுடு."

திறக்காதே என்று சொன்னால் எந்தப் பெண் திறக்காமல் இருப்பாள்? மேலே ஒரு கோட்டு, அதன் கீழே நீலக் கட்டம் போட்ட சட்டை. அவள் சட்டையை எடுத்து விரித்தாள். கழுத்துப்பட்டையைப் பிடித்து அளந்தாள். ஓல்டாவுக்குக் காளைக் கழுத்து. கடையில் வாங்கிய எந்தச் சட்டைக்கும் அவனால் மேல் பொத்தான் போட முடிந்ததில்லை.

"இது ஓல்டாவோடது இல்ல."

"பழசுதானே, சுருங்கியிருக்கும்."

"கமில், இது உன் சட்டை."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் ரெண்டாவது தடவை என்னைக் கட்டிக்கறியான்னு கேக்க வந்தே. பில்சன்ல, மாடிப்படியில நின்னுக்கிட்டு. கடையில குத்தின ஊசிகூட காலர்ல அப்படியே இருந்துச்சு, நான்தான் பிடுங்கினேன். அப்போ ஓல்டா போய் நாலு வருஷம். செத்தவன் எப்படிடா நாலு வருஷம் கழிச்சு வாங்கின சட்டையைக் கழட்டி மாட்டிட்டுப் போவான்?"

கமிலுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் கட்டத்துச் சட்டையை அந்த ஒருநாளைக்குப் பிறகு அவன் போட்டதே இல்லை. வீட்டில் பழசாகவும் சுத்தமாகவும் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் எடுத்து வைத்துவிட்டான். அவள் அதை நினைவில் வைத்திருப்பாள் என்று பாவம் அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"அவனோடது எங்கே?"

"மேலதான் இருக்கு. கூடத்தைப் பூட்டிட்டாங்க, ரூஜெனா. வேலை நடக்குது, தலையில எதாவது விழுந்துடும்."

"சாவி உன் இடுப்புலதானே தொங்குது. எந்திரி."

கூடத்தில் வேலை எதுவும் நடக்கவில்லை. கம்பி போட்ட உயரமான ஜன்னல்கள் வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான சங்கிலிகள் வெறுமையாகத் தொங்கின. கடைசி வரிசையில் மட்டும், வெகு உயரத்தில், நான்கு மூட்டைகள். ரூஜெனா அண்ணாந்து பார்த்தாள். முதலாவதில் கோட்டும் சப்பாத்தும். இரண்டாவதில் ஒரு தோல் ஜாக்கெட். மூன்றாவதில் கோட்டு, கழுத்துத் துணி. நான்காவதில் காய்ந்த சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ் இரண்டு, தலைகீழாக. அதற்கு மேலே வேலைச் சட்டையும் இரும்புத் தொப்பியும்.

காட்சி பார்க்க வருகிறவர்கள் இதன் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ரூஜெனாவின் அப்பாவும் சுரங்கக்காரர், அப்பாவைப் பெற்றவரும் சுரங்கக்காரர். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலை உடுப்பு கூரையில் இருந்தால், ஆள் ஏறி வந்துவிட்டான் என்று அர்த்தம். ஏறி வந்து, குளித்து, வீட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கிறான்.

அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சொல்லு," என்றாள்.

"அன்னிக்கு பத்து மணி வாக்குல வயித்து வலின்னு சொல்லிட்டு மேல போனான். கொஞ்ச நேரத்துல இடிஞ்சுது. அவனோட பித்தளை வில்லை பலகையில திரும்ப மாட்டல, அதனால ஆபீஸ்காரங்க அவனையும் கீழ இருக்கான்னே கணக்கு வெச்சாங்க. சாயங்காலம் நாங்க ஏறி வந்து பாத்தா, பூட்ஸ் தொங்குது."

"எல்லாரும் பாத்தீங்களா?"

"எல்லாரும். மறுநாளும் வீட்டுக்கு வரலைன்னதும் புரிஞ்சுபோச்சு. மேற்கு நாட்டுக்கு ஓட எல்லைப் பக்கம் போயிட்டான். பெர்கா மேஸ்திரி எங்களை இங்கேயே நிறுத்தி வெச்சுச் சொன்னார். 'நாட்டை விட்டு ஓடினவன் பொண்டாட்டின்னா கட்சிக்காரன் வீட்டைப் பிடுங்குவான், வேலையைப் பிடுங்குவான், அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டான். செத்தவன் பொண்டாட்டின்னா பென்ஷன் வரும். எவனும் மேல பாக்காதீங்கடா'ன்னு. நாங்க பாக்கல."

"அவன் உயிரோட இருக்கானா?"

"சத்தியமாத் தெரியாது. சுட்டாங்களோ, தாண்டிப் போயிட்டானோ. ஒரு சேதியும் வரல."

ஒரு குழுவே வாயைக் கட்டிக்கொண்டு அவளுக்கு வீடும் கௌரவமும் கொடுத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓல்டா மேல் வந்த கோபம்கூட அவ்வளவு பெரிதாக இல்லை. அது எங்கோ தூரத்தில், யாரோ ஒருவன் மேல் வந்த கோபமாக இருந்தது. பக்கத்தில் நின்றவன் மேல் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு தடவை கேட்டே நீ. ரெண்டு தடவையும் நான் என்ன சொன்னேன்?"

"உன் புருஷன் இன்னும் கீழதான் இருக்கான்னு சொன்னே."

"மறுநாள் இங்க வந்து இதுக்குக் கீழதானே நின்னு உடுப்பு மாத்தியிருப்பே?"

"ஆமா."

"ஒரு வார்த்தை, கமில். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"உன்னை அடையறதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகாவது?"

"கிளம்பி வந்தேன். நீ கல்லறையில நின்னுக்கிட்டிருந்தே. ரேனாட்டா கல்லுல அவங்க அப்பா பேரைத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தா. நான் அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

மனிதன் நல்லவனாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். இவன் நல்லவனாக இருந்தே இரண்டு பேர் வாழ்க்கையைத் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டான். ரூஜெனாவுக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை, எழுந்தாள்.

"இறக்கு."

கமில் ரம்பம் கொண்டு வந்து துருப்பிடித்த பூட்டை அறுத்தான். சங்கிலி கடகடவென்று இறங்கியது. வேலைச் சட்டைப் பையில் பித்தளை வில்லை இருந்தது, ஓல்டாவின் எண்ணோடு. அதை எடுத்துத் தன் கோட்டு நுனியில் தேய்த்தாள். கூடத்து வாசலிலேயே வில்லைப் பலகை. நான்கு ஆணிகள் மட்டும் காலியாக இருந்தன. அவள் நான்காவது ஆணிவரைக்கும் கையைக் கொண்டுபோனாள். மாட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். ரேனாட்டாவுக்கும்.

வில்லையைக் கமிலின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நான் கண்ணை மூடின பிறகு நீ மாட்டு."

"எனக்கு உன்னைவிட ஒன்பது வயசு கூட, ரூஜெனா."

"அப்போ சீக்கிரம் சாகாம இரு. எனக்காக அதையாவது செய்."

கல்லறையில் மழை லேசாகத் தூறியது. எல்லாக் கல்லிலும் மெழுகுவத்திகள் சிவப்புக் கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருந்தன. ரேனாட்டா ஓடி வந்து அம்மாவிடமிருந்து, கமில் கட்டிக்கொடுத்த அதே அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். குழிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு மூடியைத் திறந்தாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. சட்டையின் கட்டங்களை விரல்களால் மெல்ல நீவிவிட்டாள்.

"அம்மா, இது நீ இஸ்திரி போட்டுக் கொடுத்ததா?"

ரூஜெனா பின்னால் திரும்பிப் பார்த்தாள். கமில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு கல்லறை தள்ளி நனைந்துகொண்டு நின்றான். மேஸ்திரி பெர்காவுக்கு அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல எப்படி வாய் வந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"ஆமாடி. அன்னிக்குக் காலையில."

"கமில் மாமா, ஏன் அங்கேயே நிக்கிறீங்க? பக்கத்துல வாங்க," என்று ரேனாட்டா கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

பாதிரியார் ஜெபம் சொன்னார். பெட்டி இறங்கியதும் ரூஜெனாவுக்கு அழுகை வந்தது. முப்பத்தாறு வருடத்தில் இந்த இடத்தில் அவள் இப்படி அழுததில்லை. ரேனாட்டா அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "அழு அம்மா, இப்பவாவது அப்பா வந்துட்டார்ல," என்றாள்.

கல்லில் ஓல்டாவின் பெயருக்குக் கீழே ரூஜெனாவின் பெயரை எப்போதோ வெட்டி வைத்திருந்தார்கள், இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டு. ஒருநாள் அவளையும் இதே குழியில்தான் வைப்பார்கள், அந்த நீலக் கட்டத்துச் சட்டைக்குப் பக்கத்தில். அவள் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போட்டாள்.