செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வந்த சூனியக்காரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நெரிடா வீட்டில் துணி துவைக்கும் அறையில் நின்று கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகரிகம் தெரிந்தவள் என்றால் இருமியிருப்பாள். நான் குழாயை மூடினேன்.

அப்படிக் காதில் விழுந்ததையும், பிறகு நெரிடாவே சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்பதில்தான் தகராறு.

‘அன்று மாலை ஆற்றின் மேல் கருமேகங்கள் திரண்டு —’

பொய். வெயில் பளீரென்று அடித்தது. அக்டோபர் மாதக் கடைசி என்றால் டாஸ்மேனியாவில் வசந்தம். ஆப்பிள் தோட்டமெல்லாம் பூத்துக் கிடந்தது.

‘ஒரு ஊரில் ஒரு சூனியக்காரி இருந்தாள்.’

ஒருத்தியா? அன்றைக்கு நெரிடாவின் புல்வெளியில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

‘நெரிடா தனியாக இருந்தாள்.’

இது உண்மை. ஆனால் வீடு கொள்ளாமல் ஆட்கள் நிற்கும்போது இப்படி ஒரு வரியைப் போட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே விருந்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

நெரிடா கிராஃப்டுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் அவள் வீட்டில் சூனியக்காரிகள் விருந்து நடக்கும். பெரியவர்களுக்கு மட்டும். கூம்புத் தொப்பி கட்டாயம். சேரும் பணம் ஊரின் நோயாளி வண்டிக்குப் போகும். புற்றுநோய் சிகிச்சைக்குத் தலைநகர் ஹோபார்ட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் வெள்ளை வண்டி அது. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. செவ்வாய்க்கிழமை நெரிடாவின் முறை.

அவளுடைய சூனியக்காரி உடுப்பு நாலே நாலு பொருள்: கறுப்பு மழைக்கோட்டு, தோட்டத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸ், தொப்பி, உதட்டில் ஊதாச் சாயம். மற்றவர்கள் அப்படியில்லை. பேக்கரி மோரீன் மூக்கில் களிமண் மரு ஒட்டி, முதுகில் ஒரு பொம்மைப் பூனையைத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கறுப்புப் புடவை கட்டிப் போயிருந்தேன்.

“இவ ஏமாத்தறா! இது இவ கல்யாணத்துக்குக் கட்டற துணி. வேஷமே போடல!” என்று மோரீன் கத்தினாள்.

“உனக்கு மட்டும் என்னவாம்? நீ வெறும் மருவைத்தானே ஒட்டிக்கிட்டே. மிச்சமெல்லாம் இயற்கையா அமைஞ்சதுதானே,” என்றேன்.

“அடிப்பாவி!”

பழைய செம்புக் கொப்பரையில் பச்சை நிறப் பழரசம், அதில் தாராளமாக ஜின் மது. பாதாம் பருப்பை நகமாக அழுத்திய விரல் பிஸ்கட்டுகள். இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல். ‘தவளை முட்டை’ என்று எழுதி வைத்த ஜவ்வரிசிப் பாயசம். துடைப்பம் எறியும் போட்டியில் தபால்காரர் பாரி மாமரம் போல் அசையாமல் நின்று எறிந்து —

(மாமரம் இங்கே எங்கே வந்தது? டாஸ்மேனியாவில் மாமரத்தை யார் பார்த்தார்கள்? பழக்கதோஷம். யூகலிப்டஸ் மரம் போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

— எறிந்த துடைப்பம் கூரைமேல் போய் விழுந்தது. குஞ்சு பொரித்திருந்த மேக்பை பறவை ஒன்று கோபத்தோடு கீழே பாய்ந்து வந்து எங்கள் தலைகளைக் கொத்தியது. தொப்பிகள் காப்பாற்றின. “இதுக்குத்தான்டி கூம்புத் தொப்பியைக் கண்டுபிடிச்சாங்க!” என்று மோரீன் மேசைக்கடியிலிருந்து கூவினாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

நெரிடாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துப் போனாள், கொண்டுவந்தாள், மறுபடி எடுத்துப் போனாள். எங்கேயும் அவள் உட்காரவில்லை. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு நகர்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்து “பிரமாதம் நெரிடா!” என்றார்கள். சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான்.

விருந்து முடிந்தால் எச்சில் குவளைகளை அவள் உடனே கழுவமாட்டாள். மூன்று நான்கு நாள் அப்படியே கிடக்கும். அதனால்தான் அந்த வருடம் நான் வலிய எழுந்து கழுவப் போனேன். உதவி என்று நினைத்தேன். அப்படிக் கிடந்தால்தான் வீட்டுக்குள் நுழையும்போது ஆட்கள் வந்துபோன மாதிரி இருக்குமாம்; என் உதவி உபத்திரவம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

3

இந்த இடத்தில் நெரிடாவின் கணவன் வரவேண்டும். அவனை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவனாக எழுதினால் சுலபம். கெல்வின் கெட்டவனில்லை. படகு மோட்டார் பழுது பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். முப்பது வருடம் நெரிடாவோடு இருந்துவிட்டு, ஒரு ஈஸ்டர் விடுமுறை முடிந்த மறுநாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார்மல் என்ற பெண்ணோடு போய் இருந்துகொண்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் நெரிடாவுக்குத் தாங்கவில்லை. “ஒரு தட்டையாவது தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல? நான் என்ன, வாடகைக்கு விட்ட வீடா, சாவியை மேசைமேல வச்சிட்டுப் போக?” என்று ஒரு தடவை கேட்டாள்.

அதன்பிறகுதான் வண்டி ஓட்ட வந்தாள். சேவை மனப்பான்மை என்று ஊர் சொல்லிற்று. நானும் அப்படித்தான் முதல் பிரதியில் எழுதினேன்: ‘பிறர் துயரில் தன் துயரை மறந்த —’

அடித்துவிட்டேன். விஷயம் வேறு. ஹோபார்ட் போகும் வழியில் ஒருவர் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு போகும்போது மனிதர்கள் எதை வேண்டுமானாலும் பேசுகிறார்கள்: சாவு பயம், மருமகள், முட்டைக்கோஸ் பூச்சி. வாரத்தில் ஒரு நாள் அவள் பக்கத்து இருக்கை சூடாக இருந்தது. மற்ற நாட்களில் வானொலியோடு சண்டை போடுவாள்.

4

அந்தப் பச்சை மூஞ்சிக்காரியை யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. முகம், கழுத்து, காது மடல் எல்லாம் அடர்பச்சைச் சாயம். ஒட்டு மூக்கு. கண்ணை மறைக்கும் தொப்பி. கேட்காமலே சமையலறைக்குள் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

“விருந்தாளி வேலை செய்யக் கூடாது கண்ணு,” என்றாள் நெரிடா.

“வெளிய நின்னா பேசணும். எனக்கு அது வராது. இங்க இருந்துக்கறேனே.”

“எனக்கும் வராது. அதான் தட்டைத் தூக்கிக்கிட்டே அலையறேன்.”

“கவனிச்சேன். எல்லாருக்கும் குடுத்தீங்க. நீங்க ஒரு வாய் சாப்பிடல.”

நெரிடா நின்றுவிட்டாள். அன்று முழுக்க அவளைக் கவனித்த ஒரே ஆள் இவள்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பச்சைக்காரி ஒரு சாசேஜ் ரோலைத் தட்டில் வைத்து நீட்டினாள். இருவரும் பேசினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. தனியாக இருக்கும்போது முட்டையை வேகவைப்பதா பொரிப்பதா என்று. குளிர்காலத்தில் கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பது என்று.

“நான் இன்னும் என் பக்கம்தான் படுக்கறேன். அந்தப் பக்கம் ஜில்லுனு கெடக்கு,” என்றாள் நெரிடா.

பச்சைக்காரி வெங்காயம் நறுக்குவது மட்டும் கேட்டது.

5

இங்கே நீங்கள் என்னை மடக்குவீர்கள். சின்ன ஊர். கணவனைக் கொண்டுபோனவளை அடையாளம் தெரியாதா?

நியாயமான கேள்வி. நானும் நெரிடாவிடம் கேட்டேன். “அவ முகத்தை நான் பார்த்ததே இல்ல. எங்க பார்த்தாலும் நான்தான் முதல்ல திரும்பிடுவேனே. அவ முதுகு வேணா எனக்கு நல்லாத் தெரியும்,” என்றாள்.

வெங்காயம் கண்ணைக் கரித்தது. பச்சைக்காரி முழங்கையால் துடைத்தாள். சாயம் கரைந்து கன்னத்தில் தோல் தெரிந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் கார்மல்.”

என் கையில் குவளை இருந்தது. சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

வெளியே மோரீன் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்த குலுக்கலுக்கு எண் வாசித்துக்கொண்டிருந்தாள். நெரிடா எழுந்த சத்தம் கேட்டது.

“வேஷம் போட்டுக்கிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கியா?”

“வெறும் மூஞ்சியோட வந்தா வாசல்லயே கதவைச் சாத்தியிருப்பீங்க.”

“சாத்தித்தான் இருப்பேன்! கதவுக்கு நடுவுல உன் மூக்கையும் வச்சுச் சாத்தியிருப்பேன்.”

“கெல்வினுக்கு உடம்பு சரியில்ல. குடல்ல கட்டி. மருந்து ஏத்தணும். செவ்வாய்க்கிழமைதான் அவனுக்கு நாள் குடுத்திருக்காங்க.”

கார்மல் நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

“எனக்கு வலிப்பு. வண்டி ஓட்டற உரிமத்தை வாங்கிக்கிட்டாங்க. மருந்து ஏத்திக்கிட்டு அவனால ஓட்டிட்டு வர முடியாது. நோயாளி வண்டியில போன்னா மாட்டேங்கறான். அவ பக்கத்துல எந்த மூஞ்சியோட உக்கார்றதுங்கறான். ரெண்டு தடவை போகாம விட்டுட்டான்.” ஒட்டு மூக்கைப் பிய்த்தெடுத்தாள். “நீங்க செவ்வாய்க்கிழமையை மட்டும் வேற யாருக்காவது விட்டுக்குடுத்திடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

நெரிடா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

“புருஷனை எடுத்துக்கிட்டே. சரி. ஊர்ல பாதி வீட்டு விருந்தை எடுத்துக்கிட்டே, ஜோடியாத்தானே கூப்பிடறாங்க. அதுவும் சரி. எங்கிட்ட மிச்சம் இருக்கறது ஒரு செவ்வாய்க்கிழமை. அதையும் கேட்டு வந்துட்டியாடி?”

6

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்றேன்.

முதலில் எழுதியது: நெரிடா கார்மலைக் கட்டிக்கொள்கிறாள், இருவரும் அழுகிறார்கள், பச்சைச் சாயம் இருவர் முகத்திலும். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்து எழுதியது: நெரிடா அவளை வெளியே தள்ளுகிறாள். கெல்வின் குளிர்காலத்துக்குள் செத்துப்போகிறான். நெரிடா கல்லறைக்கு —

இல்லை. ஒருவனைக் கொன்றால்தான் முடிவு வருமென்றால் எழுதாமலே இருக்கலாம்.

மூன்றாவது: பெருந்தன்மையோடு செவ்வாயை விட்டுக்கொடுத்துவிட்டு, வாரம் முழுக்க வானொலியோடு உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசிக்கிறவர்கள் அவளுக்காகக் கண்ணீர் விடுவார்கள். ஆனால் கண்ணீர் விட்டுவிட்டு அவர்களும் பக்கத்திலிருப்பவரிடம் திரும்பிக்கொள்வார்கள்.

நான் கேட்டது இதுதான்:

“குடுக்க மாட்டேன்,” என்றாள் நெரிடா. “செவ்வாய்க்கிழமை என்னோடது. காலையில உங்க வாசல்ல வண்டியை நிறுத்துவேன். ஹாரன் அடிக்க மாட்டேன். ஏறினா ஏறட்டும். ஏறலேன்னா அது அவன் பாடு, உன் பாடு.”

“அவன் வரமாட்டானே...”

“முப்பது வருஷம் என் சமையலைத் தின்னவன். ஒரு மணிநேரம் என் பக்கத்துல உக்காந்தா செத்துட மாட்டான். உக்காரலேன்னாத்தான் செத்துடுவான். போய்ச் சொல்லு.”

பிறகு, “மூஞ்சியைக் கழுவிட்டுப் போ. வழியில எவனாவது பார்த்துப் பயந்து ஆத்துல விழப்போறான்.”

கார்மல் கழுவிக்கொண்டிருக்கும்போது நெரிடா துணி துவைக்கும் அறைக்குள் வந்தாள். என்னைப் பார்த்தாள். கழுவி அடுக்கிய குவளைகளைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் கழுவிட்டியா?” என்றாள். ஏதோ நான் திருடியது போல.

7

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் மருந்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாலம் இறங்கி ஹோபார்ட் போகும் எந்த வண்டியும் எங்கள் கடையைத் தாண்டியே ஆகவேண்டும்.

வெள்ளை வண்டி வந்தது. நெரிடா ஓட்டினாள். பக்கத்து இருக்கை காலி. வண்டி தாண்டும்போதுதான் கண்டேன். பின் இருக்கையின் மூலையில் ஒரு குல்லாய், கதவோடு ஒட்டிக்கொண்டு. நெரிடா வாடகை வண்டிக்காரிபோல் நேரே பார்த்து ஓட்டினாள்.

சாயங்காலம் கடையை மூடும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். கெல்வின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கண்ணை மூடியிருந்தான். நெரிடாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவனிடம் பேசினாளா, வானொலியோடு சண்டை போட்டாளா, வெளியிலிருந்து தெரியவில்லை.

மறுநாள் அவள் கடைக்கு வந்தபோது கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

“பின்னால உக்காந்தா குமட்டும். மருந்து ஏத்தினவங்க எல்லாருக்குமே அப்படித்தான். அதான் முன்னால வந்தான்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“யாரு சொன்னது முன்னால வரச்சொல்லி? அவனா வந்தானா, நீ கதவைத் திறந்தியா?”

அவள் கடைக் கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்தாள். “நீ இதை எழுதப்போறேன்னு எனக்குத் தெரியும். எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே. இந்த ஊர்ல எல்லாரும் என்னை நல்லவ நல்லவன்னு சொல்லித்தான் ஒருத்தரும் எங்கிட்ட உக்கார்றதில்ல.”

இருமல் மருந்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே என்னிடம் ஒரு காலை இருக்கிறது, ஒரு மாலை இருக்கிறது. நடுவில், மருத்துவமனை வாசலில், வண்டியின் முன்கதவு யாரோ ஒருவர் கையால் திறந்திருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எந்தக் கையை எழுதினாலும் ஒருவர் மன்னித்தவராகிவிடுகிறார், இன்னொருவர் மன்னிக்கப்பட்டவராகிவிடுகிறார். அவளோ குமட்டல் என்று சொல்லிவிட்டாள்.

கதவை உங்களிடம் விடுகிறேன். நான் வருகிற செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். நோயாளி அல்லாதவர்களையும் ஏற்றுவாளா என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.